ஆராய்ந்து உண்போம்: வெல்லத்தை முன்வைத்து ஒரு பாடம்



தை பிறந்துவிட்டால் எம் ஊராகிய சேத்தியாத்தோப்பில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை நோக்கி ஊர்ந்து செல்லும். வெள்ளாற்றுப் படுகையில் விளைந்த கரும்பின் மணம் சாலையெங்கும் வீசும். இப்பருவத்தில் எம்மைக் காண வரும் உறவினர் எவரும் வெறுங்கையுடன் திரும்புவதில்லை. "உங்கள் பக்கத்து வெல்லம் இரண்டு கிலோ வாங்கித் தாருங்கள்" என்பார்கள்.

அவ்வாறு வந்த பெண்மணிகள் சிலர், ஒரு மங்கல நிகழ்ச்சியில் பந்தி முடிந்தபின் எம்மைச் சூழ்ந்து அமர்ந்து மூன்று ஐயங்களை எழுப்பினர். வெள்ளைச் சர்க்கரை எலும்புக் கரியால் வெளுக்கப்படுகிறதாமே, அதை நாம் உண்ணலாமா? வெல்லம் இயற்கையானதாயிற்றே, நீரிழிவு உடையவர் அதை உண்ணலாம் அல்லவா? ஆங்கில மருந்து அனைத்தும் இரசாயனம் என்கிறார்களே, அதை விட்டுவிட்டு இயற்கை முறைக்கு மாறலாமா?

அன்று அவசரத்தில் அரைகுறையாக விடை கூறினோம். முழு விடையை எழுதித் தருவது கடமை என்று பின்னர் உணர்ந்தோம். இவ்வினாக்களுக்கு ஆராயாமல் விடை கூறியதன் விளைவை எம் குடும்பமே ஒருமுறை கண்டது. அதனையும் மறைக்காது கூறுவோம்.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எமக்குக் கற்பித்த முதல் விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது. நமக்கு நன்கு தெரிந்த கரும்பிலிருந்தே தொடங்குவோம்.

1. வெண்மை எங்கிருந்து வருகிறது?

ஆலையில் கரும்பைப் பிழிந்து எடுத்த சாறு கலங்கலாகவும் கருமை கலந்தும் இருக்கும். அதனைச் சூடாக்கிச் சுண்ணாம்புப் பால் சேர்ப்பர்; கந்தகத்தை எரித்து வரும் வாயுவை அதனுள் செலுத்துவர். அழுக்குகள் திரண்டு அடியில் தங்கும். தெளிந்த சாற்றைச் சுண்டக் காய்ச்சிப் பாகாக்கி, அப்பாகிலும் மீண்டும் ஒருமுறை கந்தக வாயுவைச் செலுத்துவர். பின்னர் காற்று நீக்கிய கலங்களில் காய்ச்சினால் சர்க்கரை மணிகளாக உறையும். வேகமாகச் சுழலும் பொறியில் இட்டு மணிகளைப் பிரித்தால், கரிய கழிவுப்பாகு வெளியேறும். வெண்ணிற மணிகள் எஞ்சும். இதனை இரட்டைக் கந்தக முறை என்பர். நம் நாட்டு ஆலைகளில் பெரும்பாலானவை இம்முறையையே கையாளுகின்றன.

இம்முறையில் எலும்புக் கரிக்கு இடமே இல்லை. வெளிநாடுகளில் சில சுத்திகரிப்பு ஆலைகள் பழுப்புச் சர்க்கரையின் நிறத்தை நீக்க எலும்புக் கரியைப் பயன்படுத்துவது உண்மை. அச்செய்தியே கடல் கடந்து வந்து, நம் ஊர்ச் சர்க்கரையின்மீதும் பழியாக ஏறிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் இனிப்புப் பண்டங்களை வாங்குவோர் இதுபற்றி விசாரித்து வாங்குதல் நலம்.

எலும்பில்லை என்பதால் சர்க்கரையை அள்ளி உண்ணலாம் என்று பொருள் கொள்ளற்க. உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட நெறியின்படி, உணவில் நாம் சேர்க்கும் சர்க்கரை வகைகள் நாளின் மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். இருபதில் ஒரு பங்குக்குள், அதாவது ஏறத்தாழ 25 கிராமுக்குள், நிறுத்தினால் மேலும் நன்று. ஆறு தேக்கரண்டி அளவே அது. காப்பி, தேநீர், பண்டிகைப் பலகாரம் அனைத்தும் இதனுள் அடங்கும்.

2. பொன்னிறம் கூறும் பொய்

இனி வெல்லத்துக்கு வருவோம். சாற்றைக் கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சும்போது அழுக்கு நுரையாகத் திரண்டு மேலெழும். அதனை எளிதில் திரட்ட வெண்டைச் செடியின் தண்டை நசுக்கி எடுத்த வழவழப்பான நீரைச் சேர்ப்பது மரபான முறைகளுள் ஒன்று. அவ்வாறு காய்ச்சிய வெல்லம் பழுப்பாகவோ கரும்பழுப்பாகவோ இருக்கும்.

கடைக்கு வருவோர் கண்ணுக்குப் பழுப்பு நிறம் பிடிப்பதில்லை. "மஞ்சளாக, பளிச்சென்று இருப்பதைக் கொடுங்கள்" என்று கேட்டவர்கள் நாமே. நம் ஆசைக்கு ஏற்பவே உற்பத்தியாளர் ஹைட்ராஸ் எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டைச் சாற்றில் கலக்கத் தொடங்கினர். அது தற்காலிகமாகவே வெளுக்கும். நாள்பட வெல்லம் மீண்டும் கறுக்கும். ஆனால் கந்தகச் சேர்மத்தின் எச்சம் வெல்லத்தில் தங்கிவிடும். ஆஸ்துமா உடையவர் சிலருக்கு இவ்வெச்சம் மூச்சிரைப்பைத் தூண்டக்கூடும். எனவேதான் வெல்லத்தில் கந்தக டை ஆக்ஸைடு கிலோவுக்கு 70 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று நம் நாட்டு உணவு விதிகள் வரம்பு கட்டியுள்ளன. ஆலையின் வெள்ளைச் சர்க்கரைக்கும் அதே 70 மில்லிகிராம்தான் வரம்பு. சர்க்கரையில் கந்தகம் என்று அஞ்சி ஓடியவர் பளபளக்கும் வெல்லத்தை வாங்கினால், அதே கந்தகத்தையே வேறு வாசல் வழியாக வீட்டுக்குள் அழைக்கிறார்.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. சேலம் மாவட்டத்து வெல்லத் தயாரிப்பு இடங்களில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் பலமுறை சோதனை நடத்தி, வெள்ளைச் சர்க்கரையும் வெளுக்கும் பொருள்களும் கலந்த வெல்லத்தைப் பறிமுதல் செய்துள்ளனர். கரும்பின் விலையைவிடச் சர்க்கரை மலிவாக வாய்க்கும்போது கலப்படம் நிகழ்கிறது. வெள்ளைச் சர்க்கரையைத் துறந்தோம் என்று மகிழ்ந்தவர் வெள்ளைச் சர்க்கரையையே கூடுதல் விலை கொடுத்து உண்டிருக்கிறார்!

நிறத்தை நம்பி ஏமாறும் வழக்கம் சிறுவரிடமும் உண்டு. பஞ்சு மிட்டாயின் இளஞ்சிவப்பு நிறத்துக்காக, துணிக்குச் சாயமேற்றும் ரோடமின்-பி என்னும் பொருளைச் சேர்த்திருப்பது ஆய்வில் தெரியவந்து, 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியிலும் பின்னர் தமிழ்நாட்டிலும் அதன் விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டது. ஆகவே உணவில் இரசாயனம் பற்றிய அச்சம் முற்றும் வீணானது என்று யாம் கூறமாட்டோம். எதற்கு அஞ்சுவது, எவ்வளவு அஞ்சுவது என்று அறிந்து அஞ்சுதல் வேண்டும்.

3. எம் தமக்கையார்

வெல்லம் தூயதாகவே கிடைத்தது என்று கொள்வோம். நீரிழிவு உடையவர் அதனை உண்ணலாமா?

உணவு விதிகள் வெல்லத்துக்கு வகுத்த இலக்கணத்தைப் பாருங்கள். நூறு பங்கு வெல்லத்தில் மொத்தச் சர்க்கரைச் சத்து 90 பங்குக்குக் குறையலாகாது. குறைந்தால் அது தரமான வெல்லமே ஆகாது! இரும்பு முதலிய தாதுக்கள் அதில் சிறிதளவு உண்டு. அதற்காக எஞ்சிய தொண்ணூறு பங்கை உடல் கணக்கில் கொள்ளாமல் விடுமா? குருதியில் சர்க்கரையை உயர்த்துவதில் வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி அனைத்தும் உடன்பிறப்புகளே. பத்திரிகைகள் பரிந்துரைக்கும் தேனும் அவ்வாறே. அதனை நாம் அறத்தின் பொருட்டே விலக்கியுள்ளோம்.

இவ்வுண்மையை யாம் காலம் கடந்தே கற்றோம். திண்டிவனத்தை அடுத்த சிற்றூரில் வாழ்ந்த எம் தமக்கையார் நீரிழிவுக்கு மாத்திரை உண்டு பல ஆண்டுகள் சீராக இருந்தார். ஒரு சொற்பொழிவில், வெள்ளைச் சர்க்கரையே நோய்க்கு வேர் என்றும், மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்றும், வெல்லத்துக்கு மாறினால் நோய் தானே அடங்கும் என்றும் கேட்டுவந்தார். எம்மை அழைத்து, "நீ படித்தவள், நீயே சொல் தங்கச்சி, நம்பலாமா?" என்றார். யாம் எந்நூலையும் புரட்டவில்லை, எம்மருத்துவரையும் கேட்கவில்லை. "வெல்லம் இயற்கையானதுதானே அக்கா" என்று கூறியதோடு, இங்கிருந்து ஐந்து கிலோ மண்டை வெல்லமும் வாங்கி அனுப்பினோம்.

அவர் மாத்திரையை நிறுத்தினார். காலையும் மாலையும் வெல்லக் காப்பி அருந்தினார். சில திங்கள் சென்றபின், விழா நாளொன்றில் நண்பகலில் ஜினாலயத்தின் கற்றளத்தில் வெறுங்காலுடன் வலம் வந்தார். உள்ளங்கால் கொப்பளித்தது, நோயினால் நரம்பு மரத்திருந்தமையால் அவருக்கு வலி தெரியவில்லை. புண் அழுகத் தொடங்கிய பின்னரே வீட்டார் கண்டனர்.

மருத்துவர் உடனே இன்சுலின் போடவேண்டும் என்றார். தமக்கையார் மறுத்தார். "அது விலங்கின் உடலிலிருந்து எடுப்பது. உயிர் போனாலும் அது வேண்டா" என்றார். அவர் கொள்கை உறுதியைக் கண்டு அனைவரும் கண்ணீர் வடித்தோமே தவிர, அவர் கூற்று உண்மைதானா என்று ஒருவரும் ஆராயவில்லை. நாள்கள் கழிந்தன. இறுதியில் அவர் மகன் மருத்துவரைத் தனியே கண்டு கேட்டு வந்து, "சின்னம்மா, இப்போதைய இன்சுலின் விலங்கிலிருந்து எடுப்பதில்லையாம்" என்றான். அதற்குள் புண் மேலேறிவிட்டது. வலக்காலைக் கணுக்காலுக்கு மேல் நீக்க நேர்ந்தது.

அதன்பின் இன்சுலின் ஏற்று அவர் ஆறாண்டுகள் வாழ்ந்தார். எம்மை ஒருநாளும் குறை கூறியதில்லை. முப்பதாண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்கு "ஏன், எவ்வாறு என்று கேள்" எனக் கற்பித்த யாம், உடன்பிறந்தவர் கேட்டபோது அவ்விரண்டையும் கேட்கவில்லை.

4. மருந்தும் இரசாயனமும்

இன்சுலினின் வரலாற்றைச் சுருக்கமாக அறிவோம். 1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்பவர்கள் அதனை விலங்கின் கணையத்திலிருந்து பிரித்தனர். 1922 ஜனவரியில் சாகும் தறுவாயில் இருந்த 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக அது செலுத்தப்பட்டது. பல்லாண்டுகள் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையமே அதற்கு மூலமாக இருந்தது. ஆகவே நம் முன்னோர் தயங்கியதில் பொருள் இருந்தது. 1982-இல் நுண்ணுயிர்களைக் கொண்டு மனித இன்சுலினையே உருவாக்கும் முறை அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இன்று நம் மருந்தகங்களில் பரவலாகக் கிடைப்பவை இவ்வாறு பாக்டீரியா அல்லது ஈஸ்ட்டைக் கொண்டு ஆக்கப்படுபவை. ஐயறிவு உயிரைக் கொல்லும் நிலை அதில் இல்லை. எம் தமக்கையார் கேட்டறிந்த செய்தி பொய்யன்று, பழையது.

மாத்திரையைப் பற்றியும் ஒரு சொல். நீரிழிவுக்கு மிகுதியாக வழங்கும் மெட்ஃபார்மின், ஆலையில் ஆக்கும் இரசாயனம்தான். ஆனால் கலீகா என்னும் ஐரோப்பியச் செடியில் இருந்த ஒரு பொருளை ஆராய்ந்து சென்ற வழியிலேயே அது பிறந்தது. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள். மறுபுறம், அரளி விதையும் எட்டிக் கொட்டையும் முற்றிலும் இயற்கையானவை. உண்டால் உயிரைக் குடிக்கும். ஆகவே இயற்கை என்னும் பெயர் ஒன்றே காப்பாகாது. இரசாயனம் என்னும் பெயர் ஒன்றே குற்றமாகாது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற முதுமொழி இரண்டுக்கும் பொருந்தும்.

மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற அச்சம் இன்றும் பலரிடம் உள்ளது. கட்டுப்படாத நீரிழிவே சிறுநீரகம் செயலிழப்பதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. சிறுநீரகம் முன்பே தளர்ந்தவர்க்கு மருத்துவர் மருந்தையும் அளவையும் மாற்றித் தருவார். மருத்துவரைக் கேளாமல் கடையில் வாங்கி நாள்தோறும் விழுங்கும் வலிமாத்திரைக்கு நாம் அஞ்சுவதில்லை. உண்மையில் அஞ்சத்தக்கது அதுவே. சர்க்கரையை அறவே போக்கும் என்று பெயரில்லாப் பொட்டலத்தில் விற்கும் மூலிகைப் பொடிகளும் அத்தகையவை. அவற்றுள் சிலவற்றில் ஆங்கில மருந்தே கலந்திருந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன.

மருத்துவர்பால் குறையே இல்லை என்று கூறவில்லை. எழுதித் தரும் மருந்து எதற்கென்று விளக்க நேரமில்லாதவர் உண்டு. சாதாரணச் சளிக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கேட்டு வாங்கும் நோயாளிகளும் உண்டு. இதற்குத் தீர்வு மருந்தை மறைவாக நிறுத்துவது அன்று, வாய்திறந்து கேட்பதே. இம்மருந்து எதற்கு? எத்தனை நாளுக்கு? இதில் விலங்குப் பொருள் உண்டா? இவ்வாறு கேட்பது அவமதிப்பு ஆகாது.

5. நம் நோன்பும் மருந்தும்

மருந்து நம் மரபுக்கு அயலானதன்று. ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நான்கு தானங்களுள் மருந்தும் ஒன்று. சமணச் சான்றோராகிய காரியாசான் தம் நூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்றும், கணிமேதாவியார் தம் நூலுக்கு ஏலாதி என்றும் மருந்துகளின் பெயரையே இட்டனர். வடிகட்டிக் காய்ச்சிய நீரைப் பருகும் நம் வழக்கம் வாந்திபேதி முதலிய நோய்களைத் தடுப்பதை இன்றைய மருத்துவமும் ஒப்புகிறது.

ஆயினும் நோன்பும் மருந்தும் சந்திக்கும் இடத்தில் விழிப்பு வேண்டும். சில மாத்திரைகளையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டு உண்ணாமல் இருந்தால் குருதிச் சர்க்கரை அளவுக்குக் கீழ் இறங்கும். வியர்வை, நடுக்கம், கடும்பசி, தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். கவனியாவிடில் நினைவிழக்கவும் நேரும். அப்போது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே அருந்தக் கொடுத்தல் வேண்டும். நாம் நஞ்செனப் பழித்த அதே வெள்ளைச் சர்க்கரை அவ்வேளையில் உயிர்காக்கும் மருந்தாகிறது. நினைவிழந்தவர் வாயில் மட்டும் எதனையும் ஊற்றலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க.

தசலட்சண நாள்களில் நோன்பு ஏற்போரும், அந்திக்குப் பின் உண்ணாதோரும், மருத்துவரிடம் தம் வழக்கத்தை முன்கூட்டியே கூறினால் மருந்தின் வேளையையும் அளவையும் மாற்றித் தருவார். நோயுற்றவர்க்கு நோன்பில் எவ்வளவு தளர்வு உண்டென்பதை, நோன்பு ஏற்கும் முன்னரே அறநூல் அறிந்த பெரியோரிடம் கேட்டுத் தெளிக. நள்ளிரவில் மயங்கிக் கிடப்பவரின் அருகில் நின்று விவாதிக்கத் தக்க பொருளன்று அது.

6. இல்லத்தில் செய்யத்தக்கவை

1. பளிச்சிடும் மஞ்சள் வெல்லத்தைத் தவிர்த்துப் பழுப்பு நிற வெல்லத்தைக் கேளுங்கள். நிறம் மட்டுமே சான்றாகாது. அறிந்த இடத்தில் வாங்குக.

2. சிறு துண்டைக் கண்ணாடிக் குவளை நீரில் கரைத்து வைத்துப் பாருங்கள். சுண்ணாம்புத் தூள் கலந்திருந்தால் அடியில் வெண்மையாகப் படியும். கந்தகத்தின் அளவை வீட்டில் அறிய இயலாது; ஐயம் எழுந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் முறையிடலாம்.

3. வெல்லம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி இளகும். மூடியுள்ள பீங்கான் சாடியில் இட்டு வையுங்கள். பீங்கானுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலம் எமக்கு அண்மையில் இருப்பதால் எம் வீட்டில் சாடிகளுக்குக் குறைவில்லை.

4. நீரிழிவு உடையவர் இனிப்பின் நிறத்தை ஆராய வேண்டா, அளவை ஆராய்க. மூன்று திங்களின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையை மருத்துவர் கூறும் கால இடைவெளியில் செய்துகொள்க.

5. அவர்கள் நாள்தோறும் உள்ளங்காலைப் பார்த்தல் வேண்டும். ஜினாலயத்தைக் காலை இளவெயிலில் வலம் வருக. நண்பகற் கற்றளம் வேண்டா.

6. மாத்திரை உறைகளில் பல, விலங்கின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனவை. தாவரச் செல்லுலோஸ் உறையோ, உறையில்லா மாத்திரையோ, நீர்மருந்தோ கிடைக்குமா எனக் கேளுங்கள். உறையை நீங்களே பிரித்து உண்ணற்க. மெல்லக் கரையவேண்டிய மருந்துகள் சில உண்டு. மாற்று கிடைக்கும்வரை மருந்தை நிறுத்தவும் வேண்டா.

7. குடும்பத்தார் கூடிச் சிந்திக்க

அ. நம் வீட்டில் ஒரு நாளில் ஒருவர்க்குச் செலவாகும் சர்க்கரையும் வெல்லமும் சேர்ந்து எத்தனை தேக்கரண்டி?

ஆ. நாம் விலக்கியுள்ள உணவு, மருந்து ஆகியவற்றுள், காரணம் அறிந்து விலக்கியவை எவை? கேள்விப்பட்டு விலக்கியவை எவை?

இ. வீட்டில் மாத்திரையை யாரேனும் சொல்லாமல் நிறுத்தியிருக்கிறார்களா?

மூன்றாம் வினாவைக் கடிந்து கேளாமல் அன்புடன் கேளுங்கள். முதியோர் பலர் அஞ்சியே மறைக்கிறார்கள்.

நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்று மும்மணிகளை நாம் வரிசையாகக் கூறுகிறோம். ஒழுக்கம் இறுதியில் நிற்கிறது. காட்சியும் ஞானமும் அதற்குமுன் நிற்கின்றன. எம் தமக்கையாரிடம் ஒழுக்கம் நிறைந்திருந்தது. அவருக்குத் துணையாக வேண்டிய ஞானத்தைத் தரவேண்டியவர் யாமே. யாம் அளித்ததோ ஐந்து கிலோ வெல்லம். இதைப் படிக்கும் தங்கையர் எவரேனும், தம் அக்காள் கேட்கும்போது "பொறுங்கள் அக்கா, விசாரித்துச் சொல்கிறேன்" என்று விடை கூறுவாராயின், இப்பாடம் பயன்பட்டதாகக் கொள்வோம்.

அறம் வளர்க!